ஒன்றுமில்லாத தண்ணீர்

மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் இரும்பு முக்காலிகளில் ஏறி நின்றன. அடியில் மூன்று ஸ்பிரிட் விளக்குகள். சுடர் எரிகிறதா இல்லையா என்று சட்டென்று தெரியவில்லை. அவ்வளவு மெல்லிய நீலம். கிண்ணங்களுக்கு மேலே காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

வெளியே கச்சான் காற்று அடித்தது. சுடர் அணைந்துவிடும் என்று ஜன்னல் கண்ணாடிகளைச் சாத்தியிருந்தார்கள். நெளிகிற காற்றுக்கு ஊடாகப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் நெளிந்தன. அதற்கு அப்பால் கடல் நெளிந்தது. கடலையே கிண்ணத்தில் வைத்துச் சூடு காட்டுகிறார்களோ என்று எனக்கு ஒரு மயக்கம்.

நான் பின் வரிசையில், சாய்வில்லாத ஓர் உயர ஸ்டூலில் இருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாகப் பெண் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால், கையில் கண்ணாடிக் கோலுடன் என் இளைய மகள் நஸ்றினா. அவள்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் ஆசிரியை.

நான் பள்ளிக்கூடங்களுக்குப் போகாதவன் அல்ல. பரிசளிப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறேன், பிரதம அதிதியாக. மாலை போட்டிருக்கிறார்கள், பேண்ட் வாத்தியம் அடித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பாடம் நடக்கும்போது உள்ளே இருந்தது, நான் மூன்றாம் வகுப்பை விட்டு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

அன்று நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாவது கிண்ணத்தில் இருந்தது என் தண்ணீர்.

யார் இந்த ஆள்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்தக் கிழமைதான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். கல்முனைக் கடைத்தெருவில் வந்து பற்றரி ஹாஜியார் எங்கே என்று கேளுங்கள். பால்குடி மறந்த பிள்ளையும் கை காட்டும்.

ஏழாம் வாய்பாடு வந்த அன்று பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் ஏழாம் வாய்பாடு எனக்கு வராது. அது வராமலே வீடு கட்டினேன், கடை கட்டினேன், பெண் மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைத்தேன். இளையவளை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, இப்போது நான் இருப்பது அவளுக்குக் கொடுத்த வீட்டில்தான். மருமகன் வேலைக்குக் கட்டாரில். மகள் பள்ளிக்கூடத்தில். நான் கடையிலும் பள்ளிவாசலிலும்.

போன கிழமை நான் எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் சொன்னார், "ஹாஜியார், நீங்க பெருமை கொஞ்சம் கூடத்தான் அடிக்கிறீங்க" என்று. உள்ளதைத்தானே சொல்கிறேன். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் என் தண்ணீர் ஊற்றாத பற்றரி இருந்தால் கொண்டு வந்து காட்டட்டும்.

கரண்ட் இல்லாத காலம்

பிரச்சினைக் காலத்தில், யுத்தம் நடந்த காலத்தில், எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் கரண்ட் இல்லை என்பதற்காக ஆட்கள் படம் பார்ப்பதை விட்டுவிட்டார்களா? லொறிப் பற்றரியைக் கதிரையில் வைத்து, அதிலிருந்து வயரை இழுத்து டிவி பார்த்தார்கள். ஒரு வீட்டில் படம் ஓடினால் பக்கத்து வளவுகளிலிருந்தெல்லாம் பாயோடு வந்துவிடுவார்கள். கதாநாயகி அழுகிற கட்டத்தில் பற்றரி இறங்கிவிடும். படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணையும். அடுத்த நாள் காலையில் அந்தப் பற்றரி சைக்கிள் கரியரில் ஏறி என்னிடம் வரும்.

ஒரு பழைய ஜெனரேற்றரை வைத்துக்கொண்டு நான் ஊர்ப் பற்றரிகளுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றினேன். வரிசையாக நிற்கும். மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே அமிலம் குமிழியிடுகிற சத்தம் வரும். பக்கத்து வளவில் நெல் அவிக்கிற சத்தம் மாதிரி. அந்தச் சத்தத்தில்தான் என் குடும்பம் வளர்ந்தது.

பற்றரிக்குள் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதில் உப்பு, சுண்ணாம்பு எல்லாம் இருக்கிறது, தகட்டைத் தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அது கொழும்பிலிருந்து வரும். பாதை பூட்டினால் வராது.

வராவிட்டால் என்ன, நானே வடிப்பேன் என்று இறங்கினேன். ஒரு எண்ணெய் டிரம்மைக் கழுவிக் கழுவிக் கை தோல் உரிந்தது. மூடியில் துளை போட்டுச் செப்புக் குழாயைப் பொருத்தினேன். குழாயைச் சுருட்டி, பச்சைத் தண்ணீர் நிரம்பிய சீமெந்துத் தொட்டிக்குள் இறக்கி, மறுபக்கம் வெளியே எடுத்தேன். அடியில் பாளையும் மட்டையும் போட்டு எரித்தேன். குழாயின் வாயில் முதல் துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, பிறகு விழுந்தது. அந்தத் துளியை நான் இன்றைக்கும் கனவில் காண்கிறேன். அது விழுவதற்கு முன்பே விழித்துவிடுகிறேன்.

மரைக்கார் மணந்து பார்த்தார்

டிரம், செப்புக் குழாய், தண்ணீர்த் தொட்டி, பின்வளவில் புகை. வேறென்ன நினைப்பார்கள்? ஹாஜியார் ஆவதற்கு முந்தின காலம் அது. நான் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சுகிறேன் என்று கதை பரவிவிட்டது.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் இரண்டு பேரோடு என் வளவுக்கு வந்தார். ஸலாம் சொன்னார். முகத்தில் ஸலாம் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி வைப்பதற்குத்தான் வருகிறார் என்று என் பெண்சாதி சுலைஹா கதவுக்குப் பின்னால் நின்று ஓதத் தொடங்கினாள்.

மரைக்கார் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கி மறுபடியும் மணந்தார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார்.

"என்னடா இது. உப்புமில்ல, இனிப்புமில்ல. ஒண்டுமில்லாத தண்ணியா இரிக்கி."

"அதுதான் மரைக்கார். அதத்தான் நான் விக்கிறன். ஒண்டுமில்லாத தண்ணி."

அவர் சிரித்துவிட்டார். போகும்போது தன் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சொல்லை நான் விடவில்லை. கடை போர்டிலேயே எழுதி வைத்தேன். இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்: 'ஒன்றுமில்லாத தண்ணீர் இங்கே கிடைக்கும்'. வெளியூரார் நின்று வாசித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். வாகனக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். வாங்குவார்கள்.

முதலாவது கிண்ணம், இரண்டாவது கிண்ணம்

கிண்ணங்களுக்கு வருகிறேன்.

அன்று காலையில் நான் கடையில் இருக்கும்போது மகள் போன் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் முடிந்துவிட்டதாம். வீட்டு ஸ்டோர் ரூமுக்குள் நம் கடைப் போத்தல் ஒன்று இருக்கிறது, எடுக்கவா என்று கேட்டாள். நோன்புக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது அலுமாரிச் சாமான்களையெல்லாம் அந்த அறைக்குள் மாற்றியிருந்தோம். அதற்குப் பிறகு ஒன்றும் அதனதன் இடத்துக்குப் போகவில்லை.

"எடு மகள். நம்மட தண்ணிதானே. கண்ண மூடிட்டு எடு" என்றேன்.

"அப்ப நீங்களும் வாங்க வாப்பா. இண்டைக்கி உங்கட தண்ணியப் பத்தித்தான் பாடம்."

விடுவேனா? வெள்ளைச் சட்டை மாற்றி, அத்தர் பூசிக்கொண்டு போனேன்.

பாடம் இதுதான். ஒரு கரைசலைச் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். தண்ணீரில் கரைந்திருந்தது போகாது, கிண்ணத்தில் தங்கிவிடும். முதலாவது கிண்ணத்தில் உப்புக் கரைசல். இரண்டாவதில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் ஒன்றுமே கரைந்திராத தண்ணீர், அதாவது என் தண்ணீர். கடைசியில் எதில் என்ன மிஞ்சுகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

மகள் மெதுவாகப் பேசினாள். வீட்டில் அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. நெருப்பைக் கூட்டிவிடாதீர்கள், அவசரப்பட்டால் தெறிக்கும், தண்ணீர் தன்பாட்டில் போகட்டும் என்றாள். பிள்ளைகளும் தன்பாட்டில் இருந்தார்கள். ஒரு பிள்ளை கன்னத்தில் கை வைத்துக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாசம், சூடேறிய கம்பிவலை வாசம். எனக்குக் கண் செருகிற்று.

முதலாவது கிண்ணத்தில் உப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கிய சத்தம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே இல்லை.

சுலைஹாவின் நூல்

நான் என் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். ஹஜ்ஜுக்குப் போய் நானும் சுலைஹாவும் திரும்பி வந்த கிழமை அது. நான் அதை மனதில் நினைத்தேனா, ஸ்டூலில் இருந்தபடி கனவு கண்டேனா என்று எனக்கே தெரியாது.

மக்காவில் ஸம்ஸம் என்ற ஊற்று இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போய் வருகிறவர்கள் அந்தத் தண்ணீரைக் கொண்டு வராமல் வர மாட்டார்கள். வந்தால் ஊர் முழுக்கப் பங்கு போக வேண்டும். உறவுக்காரர், அயலவர் எல்லாருக்கும் பேரீச்சம்பழமும் ஒரு மிடறு ஸம்ஸமும். தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, ஆசையைக் கேட்டுக் குடிப்பார்கள். கொஞ்சத்தை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்து வைப்பார்கள். அது உயிர் பிரிகிற நேரத்தில் உதட்டை நனைப்பதற்கு.

பங்கு போடப் போத்தல் வேண்டுமே. நான்தான் இருக்கிறேனே. கடையிலிருந்து புதுப் போத்தல்களைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினேன். இப்படிச் சுத்தமான போத்தல் மக்காவிலும் கிடைக்காது என்றேன். "வாயக் கழுவுங்க" என்று சுலைஹா அதட்டினாள்.

பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். ஒரு துளி வெளியே சிந்தவில்லை. சிந்தினது போல் தெரிந்தால் விரலால் தொட்டு என் நெற்றியில் தடவினாள். எல்லாம் முடிந்து கடைசியில் இரண்டு போத்தல்கள் மிஞ்சின. ஒன்றின் கழுத்தில் பச்சை நூலைக் கட்டினாள், மற்றதில் வெள்ளை நூலை.

"பச்ச உங்களுக்கு. வெள்ள எனக்கு. ஆரு முந்திப் போறாங்களோ, அவங்களுக்கு மத்தவங்க பருக்கோணும்."

"நான்தான் முந்தி" என்றேன். எல்லாவற்றிலும் நான்தான் முந்தி என்பது என் பழக்கம்.

அதில் மட்டும் அவள் முந்திக்கொண்டாள். வெள்ளை நூலை அவிழ்த்து, தேக்கரண்டியால் நான்தான் பருக்கினேன். அவள் உதட்டோரத்தால் கொஞ்சம் வழிந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. நஸ்றினா தாயின் தலைமாட்டில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தாள்.

பச்சை நூல் போத்தலை வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

மூன்றாவது கிண்ணம்

சிரிப்புச் சத்தம் கேட்டு விழித்தேன்.

பிள்ளைகள் கிண்ணங்களைச் சுற்றி நின்றார்கள். முன் வரிசையில் ரிஸ்லா என்று ஒரு பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். அவள் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாருகா, ஹாஜியார்ட தண்ணிய விடக் கிணத்துத் தண்ணி நல்லம்."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். முதலாவது கிண்ணத்தில் உப்பு, வெள்ளை வெளேரென்று. இரண்டாவதில் மங்கலாக ஒரு படிவு. ஒன்றும் இருக்கக் கூடாத மூன்றாவதில், அழகாக, வட்டமாக, சுண்ணாம்பால் வரைந்தது போல ஒரு வெள்ளை வளையம். கிணற்றுத் தண்ணீரின் படிவை விடத் தடிப்பு.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். கண்ணாடிக் கோலை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

எனக்குக் காது சூடேறிற்று. என் வாழ்நாள் முழுக்க நான் விற்றது அந்த ஒன்றுமில்லாமையைத்தான். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றின் வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நிற்கும். மாலையில் ஊர் முழுக்கக் கதை இதுவாகத்தான் இருக்கும்: பற்றரி ஹாஜியார் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்றிருக்கிறான்.

நடக்கவே நடக்காது, என் தண்ணீரில் வளையம் வராது, போத்தலைக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தபடி மேசையிலிருந்த போத்தலைத் தூக்கினேன். வெறுமையாக இருந்தது. மிச்சத்தில் கண்ணாடிக் குழாய்களை அலசிவிட்டார்களாம்.

போத்தலின் கழுத்தில் என் விரல் ஒரு முடிச்சில் இடறிற்று. பச்சை நூல். தூசி படிந்து நிறம் மங்கிக் கறுத்திருந்தது. தேடுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஸ்டோர் ரூமுக்குள் சாமான் மாறியபோது சுற்றியிருந்த துணி கழன்றிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றேன். அவள் எடுத்தாள்.

சொல்லியிருந்தால் ஒரே சொல்லில் என் பெயர் தப்பியிருக்கும். இது என் தண்ணீர் இல்லை, இது ஸம்ஸம். அதில் தாதுக்கள் இருக்கின்றன என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும். சிரிப்பு அந்த நிமிடமே அடங்கியிருக்கும்.

ஆனால் சொன்னால், தாய் தன் கையால் ஊற்றி, தகப்பனின் கடைசி மிடறுக்கென்று நூல் கட்டி வைத்த தண்ணீரைத் தானே நெருப்பில் வைத்து ஆவியாக்கிவிட்டோம் என்று என் மகளுக்குத் தெரிந்துவிடும். அதுவும் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், கையில் கண்ணாடிக் கோலோடு நிற்கும்போது.

நான் பேசாமல் இருந்த தடவைகள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. என் மகளே சாட்சி. விரலால் நூலை அறுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பழைய போத்தல் மகள். கழுவாம ஊத்தியிருப்பன்" என்றேன்.

"வாப்பா, நீங்க கழுவாம ஊத்துவீங்களா?"

"வயசு போச்சிதானே."

வயது போய்விட்டது என்று நான் சொன்னதும் அதுதான் முதல் தடவை. ரிஸ்லா முக்காட்டுக்குள் வாயை மூடிச் சிரித்தாள். நான் ஸலாம் சொல்லிவிட்டு, நூலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் உப்பு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

கடைத்தெரு

நான் கடைக்கு வந்து சேருவதற்கு முன் கதை வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கடை காசிம், டயர் விற்கிறவன், என் மச்சான் முறை. நாங்கள் இருவரும் தாடி முளைக்காத காலத்திலிருந்து சண்டை பிடிக்கிறோம்.

"மச்சான்" என்றான், டயரில் உட்கார்ந்தபடி. "போர்ட மாத்தி எழுது. 'எல்லாமுள்ள தண்ணீர் இங்கே கிடைக்கும்' எண்டு."

நான் சிரித்தேன். சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. நான் திருப்பி ஏசினால்தான் அவனுக்கு ருசி.

அந்தக் கிழமை ஓட்டோக்காரப் பொடியன்கள் என் கடைக்கு முன்னால் மெதுவாக்கி, போர்டைப் பார்த்து, வேகம் எடுத்தார்கள். ஒரு வாடிக்கைக்காரர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கினார். என் முகத்துக்கு முன்னாலேயே பிடித்தார். அப்படி ஒருவர் பிடித்ததை அந்தக் கடை அதற்கு முன் கண்டதில்லை.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நூல் இருந்த சட்டை அழுக்குக் கூடைக்குப் போய்விட்டது என்பது நினைவில்லாமல்.

மகள் விடவில்லை

நான் மூன்றாம் வகுப்பு. அவள் யூனிவர்சிட்டி. என் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா?

எனக்குத் தெரியாமல் கடைப் பொடியனிடம் ஒரு போத்தல் வாங்கிப் போய், பள்ளிக்கூடம் விட்ட பிறகு தனியாக நின்று காய்ச்சிப் பார்த்திருக்கிறாள். கிண்ணம் கழுவி வைத்த மாதிரி இருந்திருக்கிறது. வளையம் இல்லை. அப்படியென்றால் வீட்டுப் போத்தலில் இருந்தது என்ன என்று யோசித்துக்கொண்டே வந்து உடுப்புத் தோய்க்க உட்கார்ந்தவளின் கையில், என் சட்டைப் பையிலிருந்து பச்சை நூல் வந்துவிட்டது.

நான் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இது என்ன வாப்பா?"

"நூல்."

"ஆர்ர நூல்?"

நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஏற்கனவே கழற்றியிருந்தேன்.

"உம்மாட தண்ணியையா நான் கொதிக்க வெச்ச?"

அவள் குரல் உயரவில்லை. வகுப்பில் பேசின அதே குரல்.

"நீ எங்க வெச்ச. கண்ண மூடிட்டு எடு எண்டு நான்தானே சென்னன்."

"அங்கேயே செல்லியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. ஊரெல்லாம் உங்களப் பாத்துச் சிரிக்கிது."

"சிரிக்கட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா வாப்பா இப்பிடிச் செல்ற?" என்று கேட்டவள், அப்படியே உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போத்தலில் இருந்தாலென்ன, ஆவியாகிப் போனாலென்ன, அது மேலே போய் மழையாக எங்கேயாவது விழும்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அது அவள் தன் சின்ன வயதில் புத்தகத்தைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டியது.

ஊர் கொண்டு வந்த தண்ணீர்

என்னைக் கேட்காமல் அடுத்த நாள் அவள் அதைச் செய்தாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதே வகுப்பில், அதே முக்காலியில், கடைத் தண்ணீரை ஊற்றிக் காய்ச்சிக் காட்டினாள். கிண்ணம் வெறுமை. பிறகு முதல் போத்தலில் இருந்தது என்ன, அது யாருக்காக வைத்தது என்று சொல்லிவிட்டாள். ரிஸ்லா அழுதுவிட்டதாகக் கேள்வி.

அன்று பின்னேரம் என் வீட்டுக் கேற்றடியில் ரிஸ்லா வாப்பாவோடு வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் போத்தல். அவளுடைய மாமா மக்காவுக்கு உம்ராப் பயணம் போய் வந்தபோது கொண்டு வந்த ஸம்ஸம்.

"உங்களுக்குத்தான் ஹாஜியார். அதுக்கு வெச்சிக்கொள்ளுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அதுக்கு என்றால் எதற்கு என்று எனக்கு விளங்கிற்று. மௌத்துக்கு, என் சாவுக்கு, தண்ணீர் கொண்டு வந்த பிள்ளையை எப்படி வரவேற்பது? டொபி கொடுத்து அனுப்பினேன்.

அவள் போக இன்னொரு பிள்ளை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வீட்டிலிருந்து. எந்த வீட்டில்தான் ஸம்ஸம் இல்லை? சோடாப் போத்தலில், மருந்துப் போத்தலில், பாதிப் பேர் என் கடைப் பற்றரித் தண்ணீர்ப் போத்தலில். மேசையும் நிரம்பி, ஜன்னல் கட்டும் நிரம்பிவிட்டது. நடக்க முடியாத ஒரு மூத்தவர் ஓட்டோ பிடித்து வந்து, போத்தலைத் தந்துவிட்டு, எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்து, ஒன்றுமில்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்து போனார். இந்தக் கரையோரத்தில் இத்தனை பேர் சேர்ந்து ஒருவனின் மௌத்துக்கு ஆயத்தம் செய்தது எனக்குத்தான் இருக்கும். சொல்லிக்கொள்வதில் பெருமைதான்.

கடைசியாகக் காசிம் வந்தான். கதிரையில் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு போத்தலை எடுத்தான்.

"இது நான் எனக்கெண்டு வெச்சிருந்த. பாதிய உனக்கு ஊத்தறன்."

"நான் முந்திப் போவன் எண்டு உனக்கு ஆரு சென்ன?"

"நீதானே மச்சான் எல்லாத்திலயும் முந்தி" என்றான். அப்போதுதான் சிரித்தான்.

கிண்ணம்

எல்லாரும் போன பிறகு அத்தனை போத்தல்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தி வெயில் ஜன்னலால் வந்து ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் இறங்கிச் சுவரில் ஆடியது. எல்லாம் அந்த ஒரே ஊற்றுத் தண்ணீர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றிலும் பச்சை நூல் இல்லை.

நஸ்றினா வந்து என் முன்னால் ஒரு பொதியை வைத்தாள். வெள்ளைத் துணி. போத்தலைச் சுற்றியிருந்த துணியை ஸ்டோர் ரூமுக்குள் தேடி எடுத்திருக்கிறாள். அவிழ்த்தேன். உள்ளே அந்தக் கிண்ணம். மூன்றாவது கிண்ணம்.

அதை மட்டும் அவள் கழுவவில்லையாம். வளையம் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை கழுவக் கூடாது என்று மூடி வைத்திருந்தாளாம். கிண்ணம் புதிது, அன்றைக்குத்தான் பெட்டியை உடைத்தது, வேறு ஒன்றும் அதில் படவில்லை என்றாள். பள்ளிக்கூடத்துக்கு அதற்குப் பதில் வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு பெட்டியே வாங்கிக் கொடுத்தேன்.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வகுப்பில் பார்த்தபோது எனக்கு அது வெட்கமாகத் தெரிந்தது. இப்போது சுலைஹாவின் கைவேலையாகத் தெரிந்தது. அவள் ரொட்டிக்கு மா குழைத்த கிண்ணத்தின் ஓரத்தில் இப்படித்தான் ஒரு வெள்ளை வளையம் நிற்கும்.

"தண்ணி போயிட்டு வாப்பா. தண்ணியில இருந்தது போகல்ல" என்றாள் மகள். "நேரம் வந்தா, உங்கட தண்ணியில ஒரு கரண்டி இதுக்குள்ள ஊத்துவன். உம்மாட கரையும். அதத்தான் பருக்குவன்."

என் தண்ணீரில்தான் ஒன்றுமில்லையே. எதையும் வாங்கிக்கொள்ளும்.

இது மார்க்கப்படி ஸம்ஸமா என்று மௌலவியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒன்று சொல்வார். பிறகு அதை நான் கேட்க வேண்டி வரும். ஊரார் தந்த போத்தல்கள் இருக்கின்றன. அவற்றாலும் பருக்கட்டும்.

"எல்லாம் கரையுமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் கரையாது. சூடு பட்டதால கொஞ்சம் கிண்ணத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும். அவளும் அப்பிடித்தான்."

மகள் சிரித்தாள். கிண்ணத்தை வாங்கி, துணியைச் சுற்றி, பச்சை நூலை அதன் மேல் கட்டினாள். அலுமாரியைத் திறந்து, மேல் தட்டில், கை எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"கரையிற மிச்சமும் கரையக் கொஞ்ச நேரம் எடுக்கும் வாப்பா."

"அவசரமில்ல மகள்" என்றேன். "ஆறுதலாக் கரையட்டும்."